மலைவழியும் நாட்கணக்கும்

1856ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், இந்திய நில அளவைத் துறையின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ வா என்பவர், அதுவரை 'பதினைந்தாம் சிகரம்' என்று எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டு வந்த இமயமலை முடி ஒன்றின் உயரத்தை அறிவித்தார். அதன் உயரம் 29,002 அடி. உலகில் அளந்தறியப்பட்ட முடிகளுள் அதனினும் உயர்ந்தது இல்லை. எவரெஸ்ட் என்னும் பெயரும் அதற்கு அப்போதுதான் முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், வடசென்னையின் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்குத் தென்னாட்டின் முதல் இரயில் வண்டி ஓடத் தொடங்கிற்று.

மாட்டு வண்டியில் பல நாள் பிடித்த வழியை இரயில் வண்டி சில மணி நேர வழியாக்கிற்று. இவ்வாறு சமவெளியில் தொலைவு சுருங்கியது. மலையிலோ அது சுருங்கவில்லை. முதுகில் சுமையோடு உயர்ந்த மலைகளில் பல நாள் நடப்பவனுக்கு, அன்றும் இன்றும், தொலைவை அளக்கும் கோல் நாள் ஒன்றே. இத்தனை மைல் என்று வழியை எண்ணுபவன் ஏமாறுவான். இத்தனை நாள் என்று எண்ணுபவன் திரும்பி வருவான். இந்தக் கணக்கை நம் முன்னோர் எவ்வாறு கற்றனர், அதை இன்று நாம் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே நான் இங்குச் சொல்ல விரும்புவது.

கடற்கரையில் வாழும் இராயபுரத்து மக்களுக்கும், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கும் மலைப்பயணத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. இரயில் நிலையங்களின் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையின் அடியில், கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடல் மட்டம் எது? அலை ஏறுவதும் இறங்குவதுமாய் இருக்கும் கடலுக்கு மட்டம் ஒன்றை வகுப்பது எளிதன்று. ஆண்டுக்கணக்காக நீர்மட்டத்தைக் குறித்து, அதன் சராசரியைக் காண வேண்டும். இந்தியாவின் உயர அளவைக்கு 1909இல் அடிப்படை வகுத்தபோது ஒன்பது துறைமுகங்களின் அளவைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் சென்னைத் துறைமுகமும் ஒன்று; நாகப்பட்டினம் மற்றொன்று. ஆகவே நம் நாட்டு வரைபடத்தில் மலைகளுக்கு நேரே எழுதியுள்ள எண்கள் நம் கரையிலிருந்தும் தொடங்குகின்றன.

அந்த வரைபடமே சென்னையில்தான் வேர்விட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி, பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதற்கு அவர் கொண்ட கருவி நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அச்சங்கிலியை நானூறு முறை நிலத்தில் கிடத்தி அளந்து முடிக்க 57 நாள் ஆயின. ஏழரை மைல் நடக்க மூன்று மணி நேரம் போதும். அதையே பிழையின்றி அளக்க இரண்டு திங்கள் ஆகிறது. அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி நாடு முழுவதையும் அளந்துகொண்டு சென்றார்கள். லாம்டனுக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்டும், அவருக்குப்பின் ஆண்ட்ரூ வாவும் அப்பணியைத் தொடர்ந்தனர். வங்காளத்துக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தாரின் கணக்கீடுகளால் பதினைந்தாம் சிகரத்தின் உயரம் தெளிவாயிற்று. இன்று அதன் உயரம் 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020இல் அறிவித்துள்ளன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், தொலைவில் நின்று கோணங்களை மட்டும் அளந்து கண்ட எண்ணுக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேறுபாடே உள்ளது.

எனினும் ஒரு முடியின் உயரத்தை அறிவது வேறு; அதனிடம் நடந்து செல்லும் வழியை அறிவது வேறு. நம் நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். 1812இல் கீஸ் என்னும் நில அளவையாளர் அம்மலைமேல் ஏறினார். 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். பின்னர் 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டப்பட்டது. இவர்களே நீலகிரியைக் கண்டுபிடித்தவர்கள் என்று சில நூல்கள் கூறும். தோடரும், கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் அம்மலையில் எத்தனையோ தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். எந்தச் சரிவில் நீர் உண்டு, எந்தக் காட்டில் காய்ச்சல் பற்றும், எத்தனை பொழுதில் எந்த ஊரை அடையலாம் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. வழியைத் திட்டமிடுவோன் முதலில் நாட வேண்டியது, அந்நிலத்தில் வாழ்வோர் அறிவையே. வரைபடம் அதற்கு அடுத்தது.

மலைவழியை நாளாக மாற்றும் கணக்கு ஒன்றை, 1892இல் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் எளிய விதியாக வகுத்தார். மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். அதற்குமேல், ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவே அவ்விதி. இதை நமக்குத் தெரிந்த வழி ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை மலை இரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். அது 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இரயில் பாதையும் ஏறத்தாழ அவ்வளவு தொலைவே. தாளின்மேல் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்.

இப்போது கணக்கிடுவோம். 46 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 28½ மைல். சமவெளியில் நடக்க ஒன்பதரை மணி நேரம் ஆகும். மலைவழியிலோ 1,877 மீட்டர், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேல், ஏற்றமும் சேர்கிறது. அதற்காக மேலும் மூன்று மணி நேரம் வேண்டும். ஆகப் பன்னிரண்டரை மணி. இது பழகிய கால்களுக்கு, சுமை இல்லாமல், ஓய்வு கொள்ளாமல் நடப்பதற்கான கணக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையும், இடையிடையே ஓய்வும், நீர் நிரப்பும் நேரமும், குழுவில் மெதுவாக நடப்பவரும் சேர்ந்தால், இதனோடு பாதியைக் கூட்டிக்கொள்வது அறிவுடைமை. அப்போது பத்தொன்பது மணி ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரமே நடை என்று கொண்டால், இது மூன்று நாள் வழி. இரயில் பாதையில் நடப்பது விலக்கப்பட்டது; கணக்கு விளங்குவதற்காகவே இதைச் சொன்னேன். வரைபடத்தில் அளவுகோலை வைத்து, 'ஒரே நாளில் போய்விடலாம்' என்று கூறும் இளைஞனின் முன் இந்தக் கணக்கை வைத்தால் போதும்.

இனி இமயத்திற்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திபெத்து நாடு அயலார்க்கு மூடப்பட்டிருந்தது. அதன் வழிகளை அறிய நில அளவைத் துறை குமாவுன் மலைநாட்டவர் சிலரைத் தேர்ந்து டேராடூனில் பயிற்சி அளித்தது. அவர்களுள் தலைசிறந்தவர் நைன் சிங் இராவத். அவர் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். அதனால் 'பண்டிதர்' என்று அழைக்கப்பட்டார். மேடாயினும் பள்ளமாயினும் ஒரே அளவு அடி வைத்து நடக்க அவர் பழகினார். ஒரு மைலுக்கு இரண்டாயிரம் அடி என்பது அவர் கணக்கு. வழக்கமான செபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவர் மாலையில் நூறு மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். குறிப்புகளைப் பிரார்த்தனை உருளைக்குள் மறைத்து வைப்பார். 1865இல் புறப்பட்டு, 1866 ஜனவரியில் இலாசா நகரை அடைந்து, மானசரோவர் வழியாகத் திரும்பினார். அவர் எண்ணி நடந்தது ஏறத்தாழ 1,200 மைல். அடிக்கணக்கில் 25 இலட்சம். 1877இல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அவர் உயரத்தை அளந்த முறையும் மாணவர்க்குப் பயன்படும். நீரைக் கொதிக்கவைத்து, அதில் வெப்பமானியை இட்டுப் பார்ப்பார். ஏறத்தாழ முந்நூறு மீட்டர் ஏறும்போது நீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். நம் கடற்கரையில் நூறு பாகையில் கொதிக்கும் நீர், இலாசாவின் உயரத்தில் 88 பாகையிலேயே கொதித்துவிடும். இது சமையலுக்கும் உரிய செய்தியாகும். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் இட்ட துவரம்பருப்பு எளிதில் வேகாது. எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். ஆகையால் விரைவில் வேகும் அவல், இரவை, மாவு வகைகளையே மலைப்பயணத்திற்கு எடுத்துச் செல்வது நன்று; பருப்பு வேண்டுமாயின் சிறிய குக்கர் ஒன்று வேண்டும். எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்தாலன்றி எவ்வளவு உணவு, எவ்வளவு எரிபொருள் என்பதை முடிவு செய்ய இயலாது.

உணவின் கணக்கு எத்தகையது என்பதை 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் காட்டுகிறது. ஜான் ஹண்ட் தலைமையில் சென்ற அக்குழு, மார்ச்சு 10ஆம் நாள் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டுத் தியாங்போச்சே மடத்தை அடைய இரண்டரை வாரம் ஆயிற்று. ஏறத்தாழ 350 பேர் சுமை தூக்கினர். ஒருவர் சுமை 60 இராத்தல், அதாவது 27 கிலோ. சுமப்பவர் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் உண்பதாகக் கொள்ளுங்கள். போக 17 நாளும், திரும்ப அதற்குச் சற்றுக் குறைவான நாளும் ஆனால், தம் சுமை முழுவதையும் தாமே உண்டு தீர்த்திருப்பார். உணவு மட்டும் சுமந்து சென்றிருந்தால் அக்குழு வெறுங்கையோடுதான் சென்று சேர்ந்திருக்கும். வழியிலுள்ள ஊர்களில் உணவு கிடைத்தாலன்றி இத்தகைய பயணம் நடவாது. நாளைக் கூட்டினால் சுமை கூடும். சுமை கூடினால் நடை குறையும். நடை குறைந்தால் மீண்டும் நாள் கூடும். இந்தச் சுழலில் அகப்படாமல் இருக்கும் வழியைக் காண்பதே திட்டத்தின் உயிர்.

தியாங்போச்சேயை அடைந்தவுடன் அக்குழு முடியை நோக்கி ஓடவில்லை. மூன்று வாரம் சுற்றியுள்ள உயரங்களில் ஏறியும் இறங்கியும் உடலைப் பழக்கிற்று. இதற்குக் காரணம் காற்று. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியே. உடல் அதற்குப் பழக நாட்கள் வேண்டும். பழகுமுன் ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே கேடாகும். இளமையும் வலிமையும் இதற்குக் காப்பு ஆகா. பந்தய வீரனுக்கும் இந்நோய் வரும்.

டென்சிங்கும் ஹிலாரியும் மே 29ஆம் நாள் முடியை அடைந்தனர் என்பதை எல்லாரும் படித்திருக்கிறோம். அதற்கு மூன்று நாள் முன்பு நடந்ததைப் பலர் அறியார். மே 26ஆம் நாள் பூர்தில்லான், எவன்ஸ் என்னும் இருவர் தென்முடி வரை ஏறிவிட்டனர். உச்சி இன்னும் ஏறத்தாழ முந்நூறு அடியே. அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரத்தில் நின்றதில்லை. ஆயினும் பொழுது நண்பகலைக் கடந்துவிட்டது, உயிர்க்காற்று குறைந்துகொண்டிருந்தது. மேலே செல்லலாம், உயிரோடு திரும்புவது அரிது. கணக்கிட்டுப் பார்த்து இருவரும் இறங்கினர். அவர்கள் கொண்டு வந்த செய்தி அடுத்த இருவருக்கு உதவிற்று. என் கருத்தில், அந்த இறக்கம் மலையேற்ற வரலாற்றின் உயர்ந்த செயல்களுள் ஒன்று.

திரும்பும் கணக்கை நம் கடற்கரை மக்கள் நன்கறிவார்கள். காசிமேட்டிலிருந்து பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கச் செல்லும் விசைப்படகினர், எத்தனை நாள் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப டீசலும், ஐஸ் கட்டியும், குடிநீரும், அரிசியும் ஏற்றுகின்றனர். போகும் தொலைவுக்கு மட்டும் டீசல் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்குபவர் எவரும் இலர். காற்று மாறினால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவதை அவர்கள் தோல்வியாகக் கருதுவதும் இல்லை. மலைக்குச் செல்லும் மாணவனுக்கும் அந்த மனநிலை வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு வழியைத் திட்டமிட்டுப் பார்ப்போம். எவரெஸ்டின் அடிவாரக் கூடாரத்திடம் நடந்து செல்ல நம் மாணவர் சிலர் விரும்புகின்றனர். 1960களில் லுக்லாவில் விமானத் தளம் அமைந்தது. அதனால் ஹண்டின் குழு நடந்த நாட்களில் பெரும்பகுதி இன்று குறைந்துவிட்டது. ஆனால் உடல் பழகுவதற்கு அந்நாட்கள் தந்த வாய்ப்பும் உடன் குறைந்துவிட்டது என்பதை மறக்கலாகாது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்துதல் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவர் கூறும் விதி.

லுக்லாவின் உயரம் 2,860 மீட்டர். முதல் நாள் சற்று இறங்கி, 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங்கில் தங்கலாம். இரண்டாம் நாள் நாம்சே, 3,440 மீட்டர். ஏற்றம் மிகுதியாதலால் மூன்றாம் நாளும் அங்கேயே தங்க வேண்டும். நான்காம் நாள் தியாங்போச்சே, 3,860. ஐந்தாம் நாள் டிங்போச்சே, 4,410. ஆறாம் நாள் மீண்டும் ஓய்வு. ஏழாம் நாள் லோபுச்சே; 4,900 மீட்டருக்கு மேல். எட்டாம் நாள் கோரக்செப் சென்று, அங்கிருந்து 5,364 மீட்டரில் உள்ள அடிவாரக் கூடாரத்தைக் கண்டு திரும்பலாம். இறங்க மூன்று நாள். வானிலையால் விமானம் வாராமற் போவது அங்கு வழக்கமாதலின், அதற்கும் எதிர்பாராத நோய்க்குமாக இரண்டு நாள். ஆகப் பதின்மூன்று நாள். விடுமுறை பத்து நாளே என்றால், ஓய்வு நாட்களைக் குறைத்து அதற்குள் அடக்கலாமா? கூடாது. நாம்சேயோடு திரும்புவதுபோன்ற சிறிய வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மலை நம் விடுமுறைக்காகத் தாழ்ந்து கொடாது.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதிருப்பது புதியவர்க்கு நல்லது. அறுபது கிலோ எடையுள்ள மாணவனுக்குப் பன்னிரண்டு கிலோ. பள்ளி மைதானத்தில் நூறு மீட்டருக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று நைன் சிங்கைப்போல் எண்ணிப் பாருங்கள். பின் பையில் சுமையை ஏற்றி எண்ணிப் பாருங்கள். உங்கள் நடை உங்களுக்கே விளங்கும்.

உயர்ந்த மலைகளுக்கே இக்கணக்கு வேண்டும், நம் ஊர்க் குன்றுகளுக்கு வேண்டாம் என்று எண்ணுதல் பெருந்தவறு. 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைக்குச் சென்று இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்கள் அவர்கள். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது மாசி மாதத்தின் கடைசி. புல் காய்ந்து சருகாய் நிற்கும் காலம். காற்று மலைச்சரிவில் மேல்நோக்கி வீச, தீ மனிதரின் கால்களைவிட விரைந்து ஏறும். இறந்தவர்மேல் குறை கூறுவது நம் வேலையன்று. ஆயினும் அம்மலை நம்மைக் கேட்கும் கேள்விகள் உண்டு: இது எந்தப் பருவம்? வனத்துறையின் அனுமதி உண்டா? அவ்வழியில் வாழ்வோர் எவரேனும் உடன் வருகின்றனரா? வந்த வழி அடைபட்டால் இறங்க வேறு வழி எது?

அத்துயருக்குப்பின் நம் மாநிலத்தில் மலைநடைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது வழிகளைத் தேர்ந்து, முன்பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட நடைப்பயணத் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடங்க விரும்புவோர்க்கு அதுவே தக்க வாயில். அவ்வழிகளில் ஒரு நாள் நடந்து பழகியவர் பின்பு இரண்டு நாள் செல்லலாம். அதன்பின் இமயத்தை எண்ணலாம்.

மாணவ நண்பர்களே, புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணி நேரம், நீர் எங்கே, எந்த மணியானால் திரும்புவது, இறங்க வேறு வழி எது. உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவரை வைத்து அக்கணக்கை எழுதுங்கள். அத்தாளின் படி ஒன்றை வீட்டில் தாயிடமோ தந்தையிடமோ கொடுத்து, இந்த நாளுக்குள் எங்களிடமிருந்து செய்தி வாராவிட்டால் இன்னாரிடம் தெரிவியுங்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.